விலாசம் மாறிப்போன ஓலை

என் அண்ணன் பேரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இருபத்தெட்டு வருஷமாக அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பேய், சகுனம், அருள்வாக்கு என்று எந்தப் பிள்ளையாவது வாயெடுத்தால் அதட்டி உட்கார வைக்கிறவள். அப்பேர்ப்பட்டவளுக்கு நாலெழுத்துப் பேர் ஒன்றை எழுதக் கை வரவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் என்னைவிட மூன்று வயசு மூத்தவன். நான் கல்யாணமாகித் தஞ்சாவூரோடு வந்துவிட்டேன். அவன் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். அண்ணனுக்கு ஒரே பையன், சிங்கப்பூரில் வேலை. வீட்டில் அவனும் அண்ணியும் மட்டும்தான். எனக்கு ஐம்பத்திரண்டு வயசாகியும் அவனுக்கு நான் 'பாப்பா'தான்.

பேருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நோண்டுகிற பைத்தியத்தை அவனுக்குப் பிடிக்க வைத்தவளே நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எம்.ஏ. படித்த திமிர் எனக்கு. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஊர்ப் பேர், மரத்துப் பேர், சாமி பேர் என்று ஒவ்வொன்றையும் பிய்த்துப் பிய்த்து அர்த்தம் சொல்லி அலட்டிக்கொள்வேன். அவன் வாயைப் பிளந்து கேட்பான். எங்கள் பக்கம் வயலுக்கு வயல் பேர் உண்டு. எங்களுடைய ஒரு துண்டுக்குத் 'திரும்பான்' என்று பேர். வாய்க்கால் அங்கே வளையாமல் நேராக ஓடுகிறது, அதனால் வந்திருக்கும். எனக்கு அது சப்பென்று இருந்தது. மடை திறக்கப் போன ஒருத்தன் திரும்பி வரவேயில்லை, மண்வெட்டி மட்டும் வரப்பில் குத்தி நின்றது, அதனால்தான் திரும்பான் என்று ஒரு லீவில் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நடவுக்கு வந்த ஒரு அம்மா அதே கதையை மண்வெட்டியோடு சேர்த்து எனக்கே சொன்னார். அவருடைய மாமியார் அந்த மண்வெட்டியைக் கண்ணால் பார்த்தாராம். அது நான் கட்டிய கதை என்று அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

போன வருஷம் குறுவைக்கு நாற்று விட்ட சமயத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூருக்குக் கூட்டி வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் பண்ணியே ஆக வேண்டும் என்றார்கள். டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சர்க்கரை இல்ல, கிட்னி நல்லா இருக்கு, வயல்ல உழைச்ச உடம்பு. ஆபரேஷன் பண்ணிட்டா பத்து இருபது வருஷம் நல்லா இருப்பாரும்மா. தள்ளிப் போடாம மட்டும் பாத்துக்குங்க. ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணும்."

இந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. அண்ணி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அண்ணனோ டாக்டர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"வேதாரண்யமாம் பாப்பா. வேதமெல்லாம் கூடிக் கதவைப் பூட்டிட்டுப் போன ஊரு."

"பூட்டின கதவு அப்புறம் தெறந்துச்சே, அத ஏன் விட்டுட்ட? வாய மூடிக்கிட்டுப் படு."

சிரித்தான். அதுவரைக்கும் இதெல்லாம் எங்களுக்கு விளையாட்டுதான்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து அவன் பேரையும் இனிஷியலையும் சொல்லிக் கூப்பிட்டது. ரெண்டு பேர் கையைத் தூக்கினார்கள். எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கும் அதே பேர், அதே இனிஷியல். பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். வார்டே சிரித்தது. ரெண்டு பேரும் ரெண்டு நாளில் ஒட்டிக்கொண்டார்கள். பேசப் பேச ஒன்றொன்றாக வெளியே வந்தது. ஒரே வயசு. ஒரே நட்சத்திரம். அவருக்கும் ஒரே பையன், அவனும் வெளிநாடு. அவர் மனைவியும் அண்ணியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அட, நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்த மாதிரி ஒத்துப் போகிறது சகஜம்தானே என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

அவரை முதலில் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது அண்ணனைப் பார்த்து, "நான் போயிட்டு வந்து உங்களுக்கு எப்படின்னு சொல்றேன்" என்று கையசைத்துவிட்டுப் போனார்.

ரெண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணி இருக்கும். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பணியாள் வாசலில் நின்று அண்ணன் பேரை இனிஷியலோடு சொல்லி, "இவங்களோட ஆளுங்க யாரு? பாடி வாங்கக் கையெழுத்துப் போடணும், வாங்க" என்றான்.

அண்ணி எழுந்து ஓடினார். புருஷன் எதிரே உட்கார்ந்து இட்லி தின்கிறான், அது கண்ணில் படவில்லை. வராந்தா முழுக்க 'ஐயோ, ஐயோ' என்று அலறிக்கொண்டு ஓடியவரை நான் பின்னாலேயே போய்ப் பிடித்து இழுத்து வந்தேன். அந்தப் பணியாளை வாயில் வந்தபடி திட்டினேன். அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் அண்ணன் கையில் எடுத்த இட்லியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"பாப்பா," என்றான். "அது எனக்கு வந்த ஓலை. விலாசம் மாறிப் போயிடுச்சு."

செத்துப்போன பேராவூரணிக்காரருக்குச் சர்க்கரை முற்றி, கிட்னி ரெண்டும் பாதி போன நிலைமை, அவரை இவரோடு சேர்த்துப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். அண்ணன் கேட்டால்தானே. அன்றைக்குச் சாயங்காலமே டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரு நோட்டு வாங்கினான். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. அவன் பேர் எங்கெல்லாம் கண்ணில் படுகிறதோ அதையெல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பித்தான். காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பேர். உரமூட்டை ஏற்றி வந்த வண்டியில் டிரைவர் பேர். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர், யாரோ ஒரு கிழவர் படம், கீழே அவன் பேர். பத்து நாளில் திருப்பனந்தாள் போகிற வழியில் இன்னொன்று. தினமும் எனக்குப் போன் பண்ணுவான்.

"பாப்பா, மூணாவது பேனர். ஆள் வேற, பேரு நான்."

"உன் பேரு ஊருக்கு நாலு பேருக்கு இருக்கு. சாவற வயசுல இருக்கறவங்களுக்கு அந்தக் காலத்துல அதான் பேரு. இதுல என்ன அதிசயம்?"

"என் பேருக்கு வேர் என்ன, நீயே சொல்லேன்."

சொல்ல மாட்டேன் என்று போனை வைத்துவிடுவேன். அண்ணி தனியாகக் கூப்பிட்டு அழுவார். "எப்படியாவது ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை. நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்று தினமும் அதே அழுகை. நானும் அழுதேன், கத்தினேன், சிங்கப்பூரிலிருந்து பையனை வீடியோவில் கெஞ்ச வைத்தேன். கடைசியில் ஒரு நாள் அண்ணன் ஒரு வார்த்தை கொடுத்தான்.

"அய்யனாருகிட்ட பூக்கட்டிப் பாப்போம். உத்தரவு வந்தா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வரலேன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் புதிசில்லை. கல்யாணம், வீடு, கிணறு, எதற்கும் பார்ப்பார்கள். ஒரே அளவு வாழையிலையில் ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. எது எதுவென்று தெரியாதபடி மடித்து நாரால் கட்டி சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பொட்டலம் கட்டுகிறவள் வீட்டில் பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். அதாவது நான்.

அதைக் கேட்டதுமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு மனுஷ உயிர் பெரிசா, ரெண்டு பூப் பெரிசா?

வெள்ளிக்கிழமை காலையில் வயல் நடுவே இருக்கிற அய்யனார் கோயிலுக்குப் போனோம். நடவு முடிந்து பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் அடிபம்பு. அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு தட்டில் நந்தியாவட்டை, ஒரு தட்டில் செவ்வரளி. ரெண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்தேன். செவ்வரளியைத் தொடவே இல்லை. மடித்தேன், கட்டினேன். பொய் சொன்னால் வாய் அழுகிவிடும், ஒரு துளி பயம்கூட இல்லை. அண்ணி வந்தார். பொட்டலம் ரெண்டையும் பூத்தட்டுகளோடு அவரிடம் கொடுத்து முன்னால் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நிதானமாகப் போனேன்.

பூசாரி கற்பூரம் காட்டினார். அவருடைய பேத்தி, நாலு வயசுக் குழந்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. "ஒண்ண எடும்மா" என்றார். அது ரெண்டையும் பார்த்தது. ஒன்றின் மேல் கையை வைத்தது, எடுத்தது, பக்கத்தில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்தது. பூசாரி நாரை உருவி இலையைப் பிரித்தார்.

செவ்வரளி.

எனக்குக் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம். நான் கட்டிய அதே நார். அதே இலைக் கிழிசல். உள்ளே ரத்தச் சிவப்பாக நாலு பூ. இருக்க முடியாது, நான் வைக்கவே இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். எதைச் சொல்லிக் கத்துவது? சாமி காலடியில் திருட்டுப் பொட்டலம் வைத்தேன் என்றா? அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டான். அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மிச்சப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க என் கை துடித்தது. அதற்குள் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டுவிட்டான். நுரையோடு நுரையாகச் சுழன்றுகொண்டு போனது. அதிலும் சிவப்புதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

யாராவது மாற்றியிருப்பார்களா என்று யோசிக்காமல் இல்லை. யார் மாற்றுவது? பூசாரிக்கு இதில் என்ன வந்தது? அண்ணன் என் கண்ணெதிரே நின்றான். அண்ணி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆபரேஷன் நடக்க வேண்டும் என்று என்னைவிட அதிகம் அழுதவர் அவர்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் நம்பிவிட்டேன். தஞ்சாவூருக்குத் திரும்பிய அன்றையிலிருந்து எனக்கும் அவன் பேர் கண்ணில் பட ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்கு வந்த பார்சலில். ஒரு ஒர்க் ஷாப் போர்டில். வகுப்பில் பகுபதம் நடத்தும்போது, ஒரு பெயர்ச்சொல் சொல்லுங்கள் என்றேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒன்று எழுந்து அண்ணன் பேரைச் சொன்னது.

"எத்தனையோ சொல் இருக்கு, அந்தப் பேரை ஏன் சொன்ன?"

"சும்மா தோணுச்சு டீச்சர்."

"உங்க வீட்டுல யாருக்காவது அந்தப் பேரா?"

"இல்ல டீச்சர்."

அன்றைக்கு அந்த வகுப்பை மேற்கொண்டு நடத்த முடியவில்லை. படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு தடவை போன் வந்தது, எப்போது வருகிறீர்கள் என்று. டாக்டர் சொன்ன ஒரு மாசத்தில் இன்னும் சில நாட்களே பாக்கி. பத்தாம் நாள் காலையில் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்துவிட்டது. சீ, என்ன பிழைப்பு இது? நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுவோம். நான் பண்ணியது பித்தலாட்டம், அந்தப் பூ செல்லாது, எழுந்து வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவோம். அவன் என்னை அடித்தாலும் சரி.

போனபோது அண்ணன் பம்புசெட் கொட்டகையில் இருந்தான். தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அவனுக்கு ஒரு கூஜாவில் காபி கொண்டுவந்து நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அடிக்கிறதுன்னா அடிச்சுக்க. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைதான் வச்சேன். செவப்பு வைக்கவே இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"சத்தியமா?"

"உன் தலமேல சத்தியமா." எட்டி அவன் தலையில் கையை வைத்தேன்.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். முகமெல்லாம் மலர்ந்து, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

"அப்ப வெள்ளைய செவப்பாக்கிக் காட்டியிருக்காரு பாப்பா! நீ பண்ண திருட்டுத்தனத்துக்குள்ளயே பூந்து பேசியிருக்காரு. இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும் எனக்கு?"

அவிழ்க்கலாம் என்று வந்த முடிச்சை என் கையாலேயே இறுக்கிவிட்டேன். அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்களாவது சொல்லுங்களேன் அண்ணி! வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

அண்ணி கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நான் என்னத்தச் சொல்ல" என்றார், மெதுவாக.

அழுதேன், மார்பில் அடித்துக்கொண்டேன், அவன் காலில்கூட விழுந்தேன். அவன் என் தலையைத் தடவிக்கொண்டே சிரிக்கிறான். பொறுக்க முடியாமல் எழுந்து, "எக்கேடோ கெட்டுப் போ. உன் வாசப்படிய இனிமே மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வரப்போடு நடந்தேன். "பாப்பா, காபி குடிச்சிட்டுப் போ" என்று பின்னாலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அதிலிருந்து பதினெட்டாம் நாள் காலையில் அண்ணி போன் பண்ணினார். பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போனவன், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். பஸ்ஸில் எப்படிப் போனேன் என்று தெரியாது. எங்கள் ஊர் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அவன் பேர். 'இன்னொன்று' என்று என் மனசு பழக்கத்தில் எண்ணியது. அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். பையன் கல்யாணத்தில் எடுத்தது, பட்டு வேட்டியோடு, என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இறங்கவே தோன்றவில்லை. கண்டக்டர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பையன் வந்தவர்களை வழியனுப்பப் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தான். நானும் அண்ணியும் மட்டும் அடுக்களையில். பதினாறு நாளாக அண்ணி கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கெஞ்சினார்கள், பையன் அழுதான், ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பார்க்கவே பயமாக இருந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தப் பூவ நான்தான் மாத்துனேன்."

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"நீ ரெண்டுலயும் வெள்ள வச்சத செவுத்தோரமா நின்னு பாத்துட்டேன். சாமிய ஏமாத்தி அவங்கள வெட்டுக்கு அனுப்பினா, வெட்டுலயே எடுத்துக்குமோன்னு பயம். நீ தட்ட எங்கிட்ட குடுத்தல்ல, அப்ப ஒண்ண மட்டும் பிரிச்சு, வெள்ளைய எடுத்துட்டு தட்டுல மிச்சமிருந்த செவப்ப வச்சு, அதே நாரால கட்டிட்டேன். ஒண்ணதான் மாத்துனேன். இன்னொண்ணு நீ கட்டுனது கட்டுனபடியே இருந்துச்சு. மொறையா இருந்தா சாமி வெள்ளையத்தான் குடுப்பாருன்னு நெனச்சேன். சத்தியமா வெள்ளதான் வரும்னு நெனச்சேன்."

அந்தக் குழந்தை முதலில் ஒன்றின் மேல் கையை வைத்து எடுத்ததே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணியை அப்படியே முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பாவி, பாவி என்று உள்ளே ஒரே ஓலம்.

"பம்புசெட்ல நான் சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல? அப்ப சொல்லியிருந்தா அவன் வந்திருப்பானே அண்ணி!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்க அண்ணன் சிரிச்சாங்க, பாத்தியா? அத்தன நாளா பயந்து பயந்து செத்த மனுசன், அன்னிக்குத்தான் பயமே இல்லாம சிரிச்சாங்க. அதுக்கப்புறம் என்னால சொல்ல முடியல."

வெளியே யாரோ பந்தல் கழி பிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை வெறும் எலும்பாக இருந்தது.

"நீ படிச்சவ. டாக்டர்கிட்ட பேசினவ. மறைக்காம சொல்லு. நான் கைய வைக்காம இருந்திருந்தா, நீ கட்டுனபடியே வெள்ள வந்திருந்தா, அவங்க பொழைச்சிருப்பாங்களா?"

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. வராந்தாவில் டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அப்படியே காதில் கேட்டது.

"இல்ல அண்ணி" என்றேன். "டாக்டர் எங்கிட்ட தனியா சொன்னாரு. உடம்பு தாங்காது, மேசையிலயே போயிடுவாருன்னாரு. மனசு கேக்காமத்தான் ஆபரேஷன் ஆபரேஷன்னு அலைஞ்சேன், உங்ககிட்ட மறைச்சேன்."

அண்ணி என் கையை விட்டார். பிறகு ஒரு நீளமான மூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சாமி தெரிஞ்சுதான் செவப்ப குடுத்திருக்காரு. அறுத்துக் கூறு போடாம, முழுசா நம்ம வீட்டுலயே வச்சு அனுப்பியிருக்காரு. இல்ல?"

"ஆமா அண்ணி."

அவர் எழுந்து, ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.